மட்டி தோண்டப் போன ஞாயிற்றுக்கிழமை

இந்த நாட்டில் கடலுக்கும் பஸ்ஸைப் போல நேர அட்டவணை உண்டு. எத்தனை மணிக்குத் தண்ணீர் உள்வாங்கும், எத்தனை மணிக்குத் திரும்பும் என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். சங்கரன்கோவிலில் பிறந்து, குளம் பெருகினாலே வேடிக்கை பார்க்க ஓடிய எனக்கு இது இன்னும் பழகவில்லை. ஆக்லாந்தில் நானும் ரஹ்மத்தும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறோம். அவள் கடையநல்லூர்க்காரி. போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆளுக்கொரு வாளியோடு பஸ் பிடித்து, கடற்கரை மணலில் புதைந்து கிடக்கும் மட்டிச் சிப்பி தோண்டப் போனோம்.

“நான் இதெல்லாம் திங்கமாட்டேன். தோண்டுததுக்குத்தான் வாரேன்” என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள்.

ஈர மணலுக்குள் கையை விட்டதும் எனக்குக் குருவிகுளம் ஞாபகம் வந்தது. அங்கே அத்தை வீட்டுக் காட்டில் நிலக்கடலை பறித்து முடித்த பிறகு, ஒரு மழை பெய்த மறுநாள், மண்ணுக்குள் தங்கிப்போன கடலையைத் தேடி அம்மாவும் நானும் போவோம். “கண்ணால தேடாதட்டி, வெரலால தேடு” என்பாள். மண்கட்டி எது, கடலை எது என்று விரலுக்கே தெரிந்துவிடும். மட்டியும் அப்படித்தான் அகப்பட்டது. முதல் மட்டியை அம்மாவிடம் காட்டுவதுபோல் தூக்கிப் பிடித்தேன்.

தூரத்தில் இன்னொரு மணல்திட்டு தெரிந்தது. அங்கே போகலாமா என்று, வாளியும் நீளக் கம்புமாக நின்ற ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணியிடம் கேட்டேன். “யே... நா” என்றார். என் காதில் ‘ஆமாம்’ என்கிற “யே” மட்டும்தான் ஏறியது. முகம் முறியாமல் ‘வேண்டாம்’ என்பதற்கு இந்த ஊரில் இரண்டையும் சேர்த்து அப்படித்தான் சொல்வார்களாம்; அது பிறகுதான் தெரிந்தது. நன்றி சொல்லிவிட்டு அந்தத் திட்டுக்கு நடந்தோம்.

குனிந்து தோண்டிக்கொண்டிருந்த ரஹ்மத் திடீரென்று நிமிர்ந்தாள். “ஏட்டி கோமதி, நாம வந்த வழி எங்கட்டி?”

கணுக்கால் நனையக் கடந்து வந்த பள்ளத்தில் இப்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இருவருக்கும் நீச்சல் தெரியாது. வாளிகளைப் போட்டுவிட்டுக் கைகோத்து இறங்கினோம். பாதி வழியில் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. ரஹ்மத் நின்றுவிட்டாள்.

“என்னால முடியாது. நீ போ.”

“ஒன்ன விட்டுட்டு நான் எங்கன போவேன்? கையப் புடிட்டி!”

அவள் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. அந்தப் பெண்மணி உடுத்த துணியோடு தண்ணீருக்குள் இறங்கி வந்து, கையிலிருந்த நீளக் கம்பை நீட்டினார். அதைப் பற்றிக்கொண்டுதான் கரையேறினோம். அவர் கத்தித் தீர்த்ததில் “நா மீன்ஸ் நோ!” என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. ரஹ்மத் மணலில் உட்கார்ந்து அழுதாள். நான் அவள் கையை இன்னும் விடவில்லை.

கத்தி ஓய்ந்ததும் அவரே இருவருக்கும் துண்டு போர்த்திக் காரில் ஏற்றினார். “வேர்ஸ் ஹோம், லவ்?” என்றார். வீடு எங்கே கண்ணு என்று, கொண்டுபோய் விடத்தான் கேட்டிருக்கிறார்.

பல் கிடுகிடுக்க நான் “சங்கரன்கோவில்” என்றேன். அதே நேரத்தில் ரஹ்மத் நாங்கள் குடியிருக்கும் தெருவின் பெயரைச் சொன்னாள்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். இரண்டில் எது பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

நான் ரஹ்மத்தைப் பார்த்தேன். ரஹ்மத்தான் வழி சொன்னாள்.