குடிக்காத குழாய்க்கு வரி

எங்கள் தெருவுக்கு வருஷக்கணக்கில் குழாய் வராமல் கிடந்ததற்கு முனிசிபாலிட்டியைத் திட்டுகிறவர்கள் உண்டு. நான் என் அப்பாவைத் திட்டுகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்துத் திருப்பதி. எங்களுடையது வைஷ்ணவாள் தெரு. ஊருக்கு முதன்முதலில் போட்ட குழாய்கள் துருப்பிடித்து, பாதித் தண்ணீர் மண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் மாற்றப் போகிறோம், இல்லாத தெருக்களுக்கும் கொடுக்கப் போகிறோம், அதற்காக வரியை ஏற்றுகிறோம் என்று தமுக்கடித்தார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பி பிறந்ததிலிருந்து அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கிப் போயிருந்தது. கனம் தூக்கினால் உயிருக்கே ஆபத்து என்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தாள். தெருக்கிணறோ ஒரே உப்பு. சமையலுக்கும் பூஜைக்கும் மலையடிவாரத்துக் குளத்திலிருந்துதான் தண்ணீர் வரவேண்டும்.

நீ தூக்கியிருக்கலாமே என்பீர்கள். எனக்கு அப்போது சமாச்ரயணம் ஆகவில்லை. தோளில் சங்கு சக்கரம் பொறித்துக்கொள்ளாதவள் கொண்டுவரும் தண்ணீர் எங்கள் வீட்டுப் பெருமாளுக்கு ஆகாது. அப்பாவின் தோளில் இரண்டும் இருந்தன. மலைமேல் கோவில் மடைப்பள்ளியில் குடம் குடமாகச் சுமந்த மனுஷர்தான். வீட்டுக்கு வந்தால் மட்டும் குடம் பொம்மனாட்டி வேலையாகிவிடும்.

தெரு ஆண்கள் கூடினார்கள். குழாய்த் திருகுக்குள்ளே தோல் வில்லை வைத்திருக்கிறானாம். மாட்டுத்தோல் பட்ட தண்ணீரை வாயில் வைப்பதா, ராம ராமா! 'எங்கள் தெருவுக்குக் குழாயும் வேண்டாம், ஏற்றிய வரியும் வேண்டாம்' என்று மனு எழுதினார்கள். அப்பாவே பாகாலாவில் ரயில் மாறிப் போய்ச் சித்தூர்க் கலெக்டர் கச்சேரியில் அதைக் கொடுத்துவிட்டு, ராஜ்யத்தை ஜெயித்த மாதிரி திரும்பி வந்தார்.

"கோவில் மத்தளத்தை என்ன வாழைப்பட்டையிலயா கட்டியிருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"பொம்மனாட்டிக்கு இதிலெல்லாம் என்ன பேச்சு? வாயை மூடு."

சர்க்கார் மனுவில் பாதியை ஏற்றுக்கொண்டது. குழாய் வரவில்லை, வரி வந்தது. அப்பா தாம்தூம் என்று குதித்தார். வரி வசூலிக்க வந்தவன் வாசலைவிட்டு அசையவில்லை.

"சாமி, இது இண்டி பன்னு, வூட்டு வரி. வூடு கீதா, கட்டணும். தண்ணி குடிக்கிறதும் குடிக்காததும் ஒங்க இஷ்டம்."

வாய் கிழியப் பேசினவர் உள்ளே போய்க் காசை எடுத்துவந்து கொடுத்தார். புதுக்குழாய் எங்கள் தெருமுனை வரை வந்து, சத்திரத்துப் பக்கம் திரும்பிவிட்டது. யாத்ரீகர்கள் எங்கள் காசில் மொட்டைத் தலையைக் கழுவிக்கொண்டார்கள்.

ஈரப்புடவையோடு, இடுப்பில் குடமும் அடிவயிற்றில் ஒரு கையுமாக, அந்தச் சத்திரத்துக் குழாயைத் தாண்டித்தான் அம்மா தினமும் குளத்துக்குப் போய்வந்தாள். வருஷக்கணக்கில். அப்பா தவணை தவறாமல் வரியைக் கட்டினார், தவறாமல் சர்க்காரைச் சபித்தார்.

ஒரு கோடையில் அம்மா குளத்துப் படியில் விழுந்தாள். உதிரம் நிற்கவில்லை. கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள், பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. பெருமாளுக்குத் தண்ணீர் வேண்டுமே! எனக்கும் தம்பிக்கும் இன்னும் சமாச்ரயணம் ஆகவில்லை. வேறு ஆள் இல்லாமல் அப்பா குடத்தைத் தூக்கினார்.

ஒரு பட்சம்கூடத் தாங்கவில்லை. ஒருநாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கினார், மேல்வேஷ்டியைப் போட்டுக்கொண்டு பெரியவர்களைப் பார்க்கப் போனார். குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டுப் பெருமாள் தீர்த்தம் விட்டுவிட்டால் தோஷமில்லையாம். மனுவில் கையெழுத்துப் போட்ட அதே பெரியவர்கள்தான் சொன்னார்கள். ஒருத்தருக்கும் வெட்கமில்லை. உடனே இன்னொரு மனு, இணைப்புக்குத் தனிக் கட்டணம். கொல்லைப்புறத்தில் குழாய் வந்துவிட்டது. அந்த மனுஷரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

முதல் நாள் பிடித்த தண்ணீரை ஒரு டம்ளரில் அம்மாவிடம் கொண்டுபோனேன். தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கவைத்தேன். முழுக்கக் குடித்தாள்.

"நன்னாத்தான் இருக்கு" என்றாள். கொஞ்சம் கழித்து, "நான் சுமந்தவரைக்கும் தோஷமா இருந்துது. அவர் சுமந்ததும் போயிடுத்து, பார்த்தியாடி" என்றாள்.

அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டாள்.