ஊருக்கு ஊர் இறங்கியவர்

சேலத்திலிருந்து சங்ககிரி வரை ஓரிடத்திலும் கால் ஊன்றாமல் சைக்கிள் மிதித்துவிட வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அந்நாளில் அதுதான் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம்.

ஓர் ஆடி மாதம், எதிர்காற்றில் தொடை கழன்றுவிடும்போல் மிதித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் என்னைத் தாண்டிப் போனார். ஒட்டிய வயிறு, தலையில் முண்டாசு, வாடகைச் சைக்கிள்.

முதல் ஊர் வந்ததும் அவர் இறங்கினார். முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளி நடந்தார். களைத்துவிட்டார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனால் ஊர் தாண்டி இரண்டு மைலுக்குள் மறுபடி என்னைப் பிடித்துவிட்டார். முண்டாசு தலைக்கு ஏறியிருந்தது.

இரண்டாவது ஊரிலும் அப்படியே நடந்தது. மறுபடி பக்கத்தில் வந்தபோது கேட்டேன்:

"ஏனுங்க, ஊருக்கு ஊர் இறங்கி இளைப்பாறுறீங்களா?"

"இல்லீங்க சாமி. எங்க ஆளுக ஊருக்குள்ள ஏறி ஓட்டுனா ஊர்க்காரங்க அடிப்பாங்க."

"அப்புறம் எதுக்கு இந்தப் பாடு? ஏதாச்சும் வேலையா?"

"வேலை ஒண்ணுமில்லீங்க. ஓட்டோணும்னு ஆசைங்க. காத்துகூட ஒண்ணும் பண்றதில்லீங்க. இந்த இறங்கி ஏறுறதுதான் அலுத்துப்போவுது."

அடுத்த ஊரின் புளியமரங்கள் தெரிந்தன. அவர் இறங்கினார். நான் இறங்கவில்லை.

மறுநாள், ஓரிடத்திலும் இறங்காமல் சங்ககிரி போய்ச் சேர்ந்தேன் என்று கடையில் சொன்னேன். எல்லோரும் "பலே" என்றார்கள். சிரித்துக்கொண்டே அதை வாங்கிக்கொண்டேனே, அதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.