ஸயாஜியும் மருத்துவ மசோதாவும் என் தம்பியின் குடலிறக்கமும்

1. முதல் நாள்

வேலையில் சேர்ந்த முதல் நாளே என் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டார்கள். நான் போனது ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் ஆபீஸுக்கு. டைப் அடிக்கவும் ஸ்பீச் டிராஃப்ட் பண்ணவும் ஆள் தேடினார்கள், எனக்கு பர்மியமும் ஆங்கிலமும் வரும் என்று எடுத்துக்கொண்டார்கள். நாற்காலி சூடாவதற்குள், "ரெஜினா, படம் எடுக்க வருமா?" என்று கேட்டார் ஸயாஜி.

ஸயாஜி என்றால் பர்மியத்தில் பெரிய வாத்தியார். ரங்கூனில் மூத்த டாக்டர்களையும் அப்படித்தான் கூப்பிடுவோம். இவர் டாக்டராக ஓய்வுபெற்ற பிறகு தேர்தலில் நின்று ஜெயித்தவர். ரங்கூனின் தாகேதா பகுதியில் அவருடைய ஆபீஸ், அதை ஒட்டியே அவர் நடத்திய இலவச கிளினிக். ஆபரேஷன் தேவைப்பட்டால் பணம் கொடுக்க ஒரு தானக்காரரைப் பிடித்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பார்.

அன்றைக்கு ஒரு பெரியவருக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. பணம் கொடுத்த அரிசி வியாபாரி குடும்பத்தோடு வந்திருந்தார். வியாபாரி ஒரு பக்கம், பெரியவர் ஒரு பக்கம், நடுவில் பண உறை. இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் படம் எடுக்க வேண்டும். சாயங்காலம் அது ஃபேஸ்புக்கில் ஏறிவிடும். கண்கட்டுப் போட்டிருந்த பெரியவர் கேமரா எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரைப் பார்த்துச் சிரித்தார். "இன்னும் கொஞ்சம் நல்லா சிரிக்கச் சொல்லுங்க" என்றார் வியாபாரியின் மனைவி.

எங்கள் ஊரில் தானம் என்றால் இப்படித்தான். பார்க்கிறவர்கள் "சாது, சாது", அதாவது நன்று நன்று, என்று சொன்னால் அவர்களுக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்கு உண்டு என்பார்கள். நானும் அதைத் தவறாக நினைக்கவில்லை. வெளிச்சம் போதவில்லையே என்றுதான் கவலைப்பட்டேன்.

2. ஸயாஜியின் கொள்கை

அவர் தன்னைப் பழமைவாதி என்று தானே சொல்லிக்கொள்வார். அதில் அவருக்கு ஒரு பெருமை. அந்தச் சமயம் தலைநகர் நேபிடோவில் பாராளுமன்றத்துக்கு ஒரு மருத்துவ மசோதா வந்தது. தினக்கூலிகளும் கூலியிலிருந்து சிறு தொகை கட்டி மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், நாடு முழுவதற்கும் ஒரே சட்டம். ஸயாஜி அதற்கு எதிர்க்கட்சி. காலை டீயோடு அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். அவர் பேசியது பர்மியத்தில், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"எழுதிக்கோ. நேபிடோவில எழுதுற சட்டத்துக்குத் தாகேதா நோயாளியோட முகம் தெரியாது. அவனோட தெருவுக்குத்தான் தெரியும்."

"எழுதிட்டேன் ஸயாஜி."

"கூலியில பிடிச்சா அது வரி. மனசார கொடுத்தாத்தான் தானம். மனுசன் மனுசனுக்குச் செய்றதைச் சர்க்கார் எடுத்துக்கிட்டா, அப்புறம் யாருக்கும் இரக்கமே வராது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. சொல்கிறவர் சும்மா சொல்கிறவரும் இல்லை, எழுபதைத் தாண்டியும் கிளினிக்கில் நின்றுகொண்டே நோயாளி பார்ப்பவர். என் சிக்கல் வேறு. வீட்டில் என் தம்பி அதே மசோதாவை நம்பி உட்கார்ந்திருந்தான்.

3. தம்பி

தம்பி ஜோசப் ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் ஒரு கோடவுனில் மூட்டை தூக்கும் தினக்கூலி. காலையில் பாலம் தாண்டிப் போகிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவான். அடிவயிற்றில் குடலிறக்கம். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். குடல் முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, சீக்கிரம் ஆபரேஷன் செய் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எங்க ஸயாஜிகிட்ட சொல்றேன்டா. ஒரு பைசா செலவில்லாம முடிச்சிக் குடுப்பாரு."

"வேணாக்கா."

"அறுக்கப் பயமா?"

"அறுக்க என்ன பயம். கவர புடிச்சிக்கிட்டு பல்லக் காட்டச் சொல்லுவாங்கல்ல, அது நம்மால முடியாது. கோடவுன்ல எல்லாப் பயலும் போன்ல அதத்தான் பாப்பான். நாளைக்கி அந்த தானக்காரரு வீட்ல கல்யாணம்னா பெஞ்சு தூக்க என்னியத்தான் கூப்புடுவாங்க. மாட்டேன்னு சொல்ல வாயி வருமா?"

"அப்ப என்னதான் செய்யப்போற?"

"பில்லு பாஸாவட்டும். நானும் மாசாமாசம் கட்டுறேன். கட்டுனவன் மாதிரி போயிப் படுத்துக்குறேன்."

பகலில் மசோதா கூடாது என்று டைப் அடிக்க வேண்டும், வீட்டுக்கு வந்தால் மசோதா எப்போது வரும் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான். தம்பியோ துணியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் துணிந்து ஸயாஜியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தானம் வாங்க வெட்கப்படுறது ஆணவம். கூட்டிட்டு வா, நானே பேசுறேன்" என்றார். நான் கூப்பிட்டேன். அவன் வரவில்லை.

4. லைங் தாயாவில் வழுக்கியது

பாராளுமன்றத்தில் பேசுவதற்கு முன்னால் தொழிலாளர்களை நேரில் பார்க்க வேண்டும் என்று ஸயாஜி தொழிற்சாலைகள் நிறைந்த லைங் தாயாவுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். நல்ல மழை. கார் போகாத சந்து. "குடை வேண்டாம், சாதாரண ஆளாப் போகணும்" என்று கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார். கார்மெண்ட் தொழிற்சாலை வாசலை எட்டுவதற்குள் சேற்றில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் வீங்கிவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை.

யாரோ போன் செய்ய, ஒரு தர்மச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் வந்தது. ஒரே நிறச் சட்டை போட்ட பிள்ளைகள், தங்கமான பிள்ளைகள். அலுங்காமல் தூக்கிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்து, எக்ஸ்ரே எடுத்துக் கட்டும் போட வைத்தார்கள். தலை முதல் கால் வரை சேறாக இருந்தவரை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன், அவர் கண்ணால் தடுத்துவிட்டார். எம்.பி. என்று தெரிந்தால் கூட்டம் கூடுமே என்று பயந்தாராம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு பையன் உறையோடு வந்தான்.

"அப்பா, இதை ஒரு பக்கம் பிடிச்சுக்கங்க."

"எனக்குப் பணம் வேண்டாம் தம்பி. என்கிட்ட இருக்கு."

"வேண்டாம்னு சொல்லாதீங்கப்பா. கொடுத்தவங்க மனசு வருத்தப்படும். இங்க பாருங்க. கொஞ்சம் சிரிங்க."

ஸயாஜி உறையைப் பிடித்தார். என்னைப் பார்த்தார், பிறகு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று வாய்வரை வந்துவிட்டது. மாதச் சம்பளத்தை நினைத்து விழுங்கிவிட்டேன்.

உறையை வாசலில் இருந்த சங்கத்தின் உண்டியலிலேயே போட்டுவிட்டு வந்தார். காரில் திரும்பினோம். தாகேதா பாலம் ஏறும்போதுதான் கேட்டார்.

"நல்ல பசங்க. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா ஏன் எனக்கு முகத்தை மூடிக்கணும்போல இருந்துச்சு?"

"என் தம்பியைக் கேட்டா சொல்லுவான் ஸயாஜி" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

5. அதன் பிறகு

டைப் அடித்திருந்ததையெல்லாம் அழிக்கச் சொல்லி, பேச்சைப் புதிதாகச் சொன்னார். மனிதர் கட்சி மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். ஊன்றுகோலோடு நேபிடோவுக்குப் போய், நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டாம் என்றுதான் அப்போதும் பேசினார். ஆனால் ஓர் அமெண்ட்மெண்ட் வைத்தார். ஒவ்வொரு டவுன்ஷிப்பும், அதாவது ஒவ்வொரு வட்டமும், தன் தொழிலாளர்களிடம் சந்தா வாங்கி நிதி நடத்தட்டும், சந்தா கட்டியவனுக்கு வைத்தியம் உரிமை, அவனை வைத்து யாரும் படம் எடுக்கக் கூடாது. கடைசி வரியைக் கேட்டு இரண்டு கட்சிக்காரர்களும் சிரித்தார்களாம். மசோதா கமிட்டிக்குப் போனது. கமிட்டிக்குப் போன மசோதா கிணற்றில் விழுந்த கல்தான்.

ஸயாஜி காத்திருக்கவில்லை. "சட்டம் வந்தாத்தான் செய்யணுமா? இதுதானே என் கொள்கை" என்று சொல்லி எங்கள் கிளினிக்கிலேயே சந்தா நிதியைத் தொடங்கினார். தானக்காரர்களும் கொடுக்கலாம், ஆனால் யாருக்குப் போனது என்று கேட்கக் கூடாது. அரிசி வியாபாரி கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார், பிறகு அவரும் வந்து கொடுத்தார்.

முதல் ஆளாகச் சேர்ந்தவன் என் தம்பி. சந்தா கட்டிய கையோடு வயிற்றைக் காட்டினான். அந்த வாரமே ஆபரேஷன். அவன் கண் விழிக்கிற வரைக்கும் நான் ஜெபமாலையை விடவில்லை.

மறுநாள் ஸயாஜியும் நானும் பார்க்கப் போனோம். வார்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவன் குரல் கேட்டது. அறுத்த வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, நர்ஸம்மாவிடம் பர்மியத்தில் பொரிந்துகொண்டிருந்தான். கஞ்சியில் உப்பில்லையாம், ஃபேன் சுற்றவில்லையாம், டாக்டர் சொன்ன நேரத்துக்கு வரவில்லையாம். எனக்கு மானம் போனது. அவன் வாயை அடைக்க உள்ளே ஓடப் பார்த்தேன்.

ஸயாஜி ஊன்றுகோலை நீட்டி என்னை மறித்தார். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்று கேட்டார்.

"நாற்பது வருசம் தர்ம வைத்தியம் பார்த்திருக்கேன்" என்றார். "கஞ்சியில உப்பில்லைன்னு என்கிட்ட ஒருத்தன்கூடச் சொன்னதில்லை. எல்லாக் கஞ்சியிலும் உப்பு இருந்துச்சுன்னு நினைச்சுட்டேன்."

பிறகு உள்ளே போய், தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்து, அந்தக் கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். நர்ஸம்மாவைப் பார்த்து, "இவர் சொல்றது சரிதான்" என்றார்.

சட்டம், சீர்திருத்தம் என்று எத்தனையோ பக்கம் டைப் அடித்திருக்கிறேன். ஆஸ்பத்திரியைப் பற்றி அவற்றில் கற்றதைவிட அந்த ஒரு கரண்டிக் கஞ்சியில் கற்றது அதிகம். வைத்தியம் சரியாக நடக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால், நன்றி சொல்கிற நோயாளியை விட்டுவிட்டுக் குறை சொல்கிற நோயாளியைத் தேடிப் போங்கள்.