வெயிலில் வைத்துப் பார்த்த ஸ்க்ரோல் பார்

போன வாரம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண், பக்கத்தின் ஓரத்தில் ஏறி இறங்குமே அந்த ஸ்க்ரோல் பார், அதற்கு ஒரே வரியில் பழுப்பு நிறம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். நான் சும்மா இருக்காமல் நிறமும் அளவும் எழுதிவைக்கிற அவள் ஸ்டைல்ஷீட்டை, வெப் பக்கங்களில் தப்புக் கண்டுபிடிக்கும் பரிசோதனைத் தளத்துக்கு அனுப்பிப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை என்று வந்தது. வெப் பக்கங்களுக்கான பொது விதியிலேயே இப்போது அதற்கு இடம் கொடுத்துவிட்டார்களாம். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ மூக்கில் பதப்படுத்திய தோலின் வாசனை ஏறியது.

ஸ்டைல்ஷீட்டுக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஆம்பூரில் எதற்குத்தான் தோலோடு சம்பந்தமில்லை? இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் வெப்சைட் செய்து கொடுக்கும் ஆபீஸ். ஓனரைத் தவிர நானும் பிரபுவும் மட்டும். நான் மாதனூரில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களோடு நின்று, அவர்கள் ஏறிப் போனபிறகு டவுன் பஸ்ஸில் வருவேன். பிரபுவுக்குக் குடியாத்தம், வீட்டில் லுங்கித் தறி. மதியம் இரண்டு டிபன் பாக்ஸையும் நடுவில் திறந்து வைத்துத்தான் சாப்பிடுவோம். அவன் வீட்டுக் கத்தரிக்காய்க் குழம்பை இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன்.

என் அம்மா டீச்சர். சிவப்பு மையில் திருத்திய நோட்டுகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். பரிசோதனையில் ஒரு சிவப்பு வரி வந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. தப்பில்லாத பக்கத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளச் சின்னதாக ஒரு முத்திரை உண்டு. ஊரில் ஒருவரும் அதைப் பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் ஒட்டுவேன். "இன்னா டீச்சர், பாஸா பெயிலா?" என்பான் பிரபு.

ஒருநாள் தோல் பதனிடும் ஒரு டேனரியின் எக்ஸ்போர்ட் மேனேஜர் பழுப்புத் தோல் துண்டோடு வந்தார். "இதே ஷேடு வேணும்மா. அந்த ஓரத்துல ஏறி எறங்குதே, அதுலயும்." தோல்காரர்கள் ஷேடை டியூப்லைட்டில் பார்க்க மாட்டார்கள், வெளியே பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார்கள். மானிட்டருக்கும் அதே நியாயம்தான். நானும் பிரபுவும் அந்தக் கனத்த பெட்டியை ஒயரோடு இழுத்து மாடி வாசலில் ஸ்டூல் போட்டு வைத்தோம். வெயிலில் திரையில் எங்கள் முகம்தான் தெரிந்தது. அவர் அசரவில்லை. துண்டைத் திரையோடு ஒட்டிவைத்துக் கண்ணைச் சுருக்கி, "செவப்பு ஜாஸ்தி, கொஞ்சம் கம்மி பண்ணு" என்றார். எட்டாவது தடவை தலையாட்டினார். தோலின் பின்புறம் கையெழுத்துப் போட்டு, இரண்டாக வெட்டி, ஒரு பாதியை எங்களிடம் கொடுத்தார். சரக்கு வாங்கும் பையருக்கு அப்படித்தான் கொடுப்பார்கள். வருகிற சரக்கு அந்தப் பாதியோடு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிவிடும்.

சிக்கல் என்னவென்றால், அந்த நிறம் அன்றைக்கு ஊரெல்லாம் இருந்த நீல 'e' எழுத்து பிரவுசரில் மட்டும்தான் வரும். மற்றதில் சாம்பல். விதியிலும் அது கிடையாது, பரிசோதித்தால் வரிக்கு வரி சிவப்பு. மேனேஜருக்கு நிறம் வேண்டும், எனக்கு முத்திரை வேண்டும். மூன்று நாள் முட்டிக்கொண்டு வழி கண்டுபிடித்தேன். நிறத்தை மட்டும் தனி ஃபைலாகப் பிரித்து, அந்த ஒரு பிரவுசர் மட்டும் படிக்கிற மாதிரி ஒரு கமெண்டுக்குள், அதாவது பக்கத்தில் தெரியாத குறிப்புக்குள், வைத்தேன். மற்ற பிரவுசர்களும் பரிசோதனையும் அதைத் தாண்டிப் போய்விடும். பக்கம் பாஸ்.

"வேற பிரவுசர்ல கிரேதான் வரும். மேனேஜர்கிட்ட முன்னாடியே சொல்லிடணும்" என்றேன் பிரபுவிடம்.

"நான் சொல்லிக்கிறேன், நீ பேஜாராவாத."

நம்பினேன். அவன் சொல்லவில்லை.

வெளிநாட்டுப் பையர் வேறு பிரவுசரில் திறந்து படம் எடுத்து அனுப்பியிருந்தார். மேனேஜர் அதன் பிரிண்டையும் தன் பாதித் தோலையும் மேஜையில் வைத்தார். "ஷேடு மாறிப்போச்சு. பையர் முன்னாடி என் மானம் போச்சு." ஓனர் எங்களைப் பார்த்தார். நான் பிரபுவைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"நான் ஒண்ணாத்தான் சார் வெச்சிருந்தேன். அந்த முத்திரைக்காக இவங்கதான் தனியா பிரிச்சிட்டாங்க. அதான் அங்க வரல."

பச்சைப் பொய். "சேத்து வெச்சாலும் அங்க கிரேதான் சார்" என்றேன். அறையில் அது புரிந்த ஒரே ஆள் பிரபு, அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "முத்திரைய யாரும்மா கேட்டா உன்னை?" என்றார் ஓனர். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். இரண்டே மாதத்தில் பிரபு அந்த டேனரியின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்துவிட்டான். நான் எத்தனையோ நாள் மதியம் சாப்பிடாமல் இருந்தேன்.

பிறகு வேலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்கு விண்ணப்பம் அனுப்பப் போனபோது, கை கேட்காமல் அந்த டேனரிப் பக்கத்தைத் திறந்து உள்ளே இருக்கும் வரிகளைப் பார்த்தேன். செய்தவர் பெயர் அவனுடையது மட்டும். முத்திரையை எடுத்திருந்தான். கீழே போனேன். என் கமெண்ட் அப்படியே இருந்தது. என் தனி ஃபைல், நான் விட்ட இடைவெளிகளோடு, ஓர் எழுத்து மாறாமல். பிரித்ததுதான் தப்பு என்று சொன்னவன் அதைச் சேர்க்கவே இல்லை. சேர்த்தாலும் ஒன்றும் ஆகாது என்று அவனுக்கு அன்றைக்கே தெரியும்.

அப்போதே ஒரு பிரிண்ட் எடுத்திருக்கலாம். தோன்றவில்லை. இன்று அந்த நீல எழுத்து பிரவுசர் இல்லை, ஜெராக்ஸ் கடை மாடி இல்லை. டேனரியின் முகவரியைத் தட்டினால் அப்படி ஒரு பக்கமே கிடையாது என்று வருகிறது. என் பக்கம் பேசிய ஒரே சாட்சி அதுதான்.