சரசு கேட்ட ஐந்து கொத்துப் பூ

இன்று காலை என் கொழுந்தனார் மனைவி சரசு, தன் பேரனின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

என் ஹைட்ரேஞ்சியா முதல்முறையாகப் பூத்திருக்கிறது.

ஏற்காட்டில் வாங்கிய, குளிரில் பந்து பந்தாகப் பூக்கும் புதர்ச்செடி அது. ஒரே தண்டை மட்டும் விட்டு, மூங்கில் குச்சி கட்டி, பக்கத்துளிரையெல்லாம் கிள்ளிக் கிள்ளி மூன்று வருடத்தில் மரமாக நிறுத்தினேன். போர் தண்ணீர் உப்பு என்பதால் டிரம்மில் பிடித்த மழைத்தண்ணீரைத்தான் ஊற்றினேன். சித்திரை வெயிலுக்குப் பழைய புடவையைப் பந்தலாகக் கட்டினேன். உச்சியில் இப்போது ஐந்தே கொத்து.

"அக்கா, அஞ்சையும் வெட்டிக் குடுங்க. மேடையில வெச்சா சூப்பரா இருக்கும்."

செடியை நட்டது ஓர் ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள். அன்று இதே இடத்தில் நின்று அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன்.

"முருங்கையே வாடுற ஊருல இது மரமாவுமா? அடுப்பெரிக்கத்தான் ஆவும்."

"அய்யோ, அதெல்லாமா ஞாபகம் வெச்சிருக்கீங்க!"

"நீ கட்டியிருந்த பச்சைப் புடவைகூட ஞாபகம் இருக்குது. பூ கிடையாது, சரசு. கிள்ளின துளிர் ஒண்ணு தொட்டியில வேர் வுட்டு நிக்குது. எடுத்துட்டுப் போயி வூட்டுல மூணு வருசம் பாடுபடு. அப்புறம் உன் பேத்தி சடங்குச் சீருக்கு உன் பூவையே வெச்சுக்கலாம்."

முகத்தைத் தூக்கிக்கொண்டாள். ஆனால் தொட்டியை விடவில்லை. இடுப்பில் இடுக்கிக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

விசேஷத்துக்குப் பூ தராதது தப்பு என்பவர்கள் தாராளமாகச் சொல்லலாம். உங்கள் வீட்டில் பூத்ததைப் போட்டோ எடுத்துக் கீழே கமென்ட்டில் போட்டுவிட்டுச் சொல்லுங்கள்.