இடது கையால் இஸ்திரி போடுகிறவள்

சுவிட்சர்லாந்தின் சேன்ட்குருவாவில் எலியான் கோந்தியேமேல் மனத்தாங்கல் உள்ளவர்கள் சிலர் இருந்தார்கள். தங்கள் வீட்டுப் பரணில் பெரும் சொத்து இருப்பதாக நம்பி அவளிடம் விலை கேட்கப் போய், தொங்கிய முகத்தோடு திரும்பியவர்கள் அவர்கள்.

அந்த மலையூரில் முக்கால்வாசிப் பேரைப் போல அவளும் சிறு வயதிலேயே இசைப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போனவள்தான். உருளையில் ஊசி பதிப்பது வேலை. தபால்காரரான புருஷன் இளவயதில் இறந்தபின் பழுதுபார்க்கும் பிரிவுக்கு மாறினாள். சாவி கொடுத்தால் சுருட்டு பிடிக்கும் குரங்கு, பவுடர் பூசும் சீமாட்டி, வித்தை காட்டும் கோமாளி என்று எத்தனையோ பொம்மைகளின் வயிற்றைத் திறந்து பார்த்தாள். போகப்போக ஜெனீவாவின் ஏலக்கடைகள் அவளைக் கூப்பிட்டு விலை கேட்க ஆரம்பித்தன. அவள் வீட்டில் மட்டும் ஒரு பொம்மைகூடக் கிடையாது. பூனை இருந்தது. அதற்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை என்பாள்.

ஒரு பிப்ரவரி மாதம், தெருவில் பனி முழங்கால் உயரம் கிடந்தபோது, அதோர் என்கிற குடும்பத்து அண்ணனும் தங்கையும் ஒரு பொம்மையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் ஜெரால் லோசான் நகரில் பஸ் ஓட்டுகிறவன். தங்கை ஒதில் மலையடிவாரத்து இவெர்தோனில், அப்பாவின் சைக்கிள் கடைக்கு மேலே இருந்த வீட்டிலேயே தங்கிவிட்டவள். அப்பா உலீஸ், போன இலையுதிர்காலத்தில் இறந்திருந்தார். வழியெல்லாம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பது அவர்கள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

எலியான் சாவி கொடுத்தாள். பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய இசை எழுந்தது. மேலே நின்ற சலவைக்காரி இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் ஓட்டினாள். அதைத் தூக்கிக் கன்னத்தருகே பிடித்துச் சூடு பார்த்தாள். தலையைச் சாய்த்து இமைகளை மூடித் திறந்தாள். பீங்கான் முகம், கண்ணாடிக் கண்கள், நைந்து கிழிந்த பழைய பட்டு. பொய்முடியை விலக்கியபோது பிடரியில் பாரிஸ் பட்டறையின் முத்திரை இருந்தது. நூறு வயது இருக்கும், சந்தேகமில்லை.

ஆனால் இஸ்திரி போட்டது இடது கை. அந்தப் பட்டறையின் பொம்மைகளில் இடதுகைக்காரியை எலியான் பார்த்ததே இல்லை. பிறவியிலேயே இப்படி என்றால் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்வார்கள். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே குனிந்தாள்.

ஜெரால் அதற்குள் வாயைத் திறந்துவிட்டான்.

“மதாம், இது எங்க வீட்டுப் பொம்மையே இல்ல. எங்களது வலது கையால போடும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பார்த்து வளந்தவன் நான். நல்லதை வித்துட்டு இவ இதைக் கொண்டுவந்து வச்சிருக்கா.”

“அப்பாதான் மாத்தினார்னு போன்லயே சொன்னேன். நீ நம்பல.”

“தொடக்கூட விடாத மனுஷன் அதை அறுத்துப் பார்ப்பாரா?”

எலியான் இருவரையும் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, பொம்மையின் முதுகு நாடாவை அவிழ்த்தாள். வலது தோளில் பழைய ஆணித் துளைகள் மரத்தூளும் பசையும் வைத்து அடைக்கப்பட்டிருந்தன. இஸ்திரிப் பலகையின் துணியை மெல்லத் தூக்கினாள். வலப்பக்கம் மரம் வழவழவென்று தேய்ந்து ஒரு தடம் விழுந்திருந்தது. இத்தனை காலம் இஸ்திரிப் பெட்டி போய் வந்த தடம். இடப்பக்கம் அப்படி எதுவுமில்லை.

இது அதே பொம்மைதான் என்று அவள் சொன்னாள். ஜெரால் ஒப்புக்கொள்வதாக இல்லை. அவள் டார்ச்சை அவன் கையில் கொடுத்து உள்ளே பார்க்கச் சொன்னாள். இடது தோளுக்குப் போகும் கம்பி, மற்றக் கம்பிகளைப் போலப் பித்தளை இல்லை. சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால். முனையில் மரைகூட அப்படியே இருந்தது. மறுமுனை இரண்டு சுற்றாகக் கொக்கிபோல வளைக்கப்பட்டிருந்தது.

ஜெரால் அந்த வளைவை விரலால் தடவிப் பார்த்தான்.

“ரெண்டு சுத்து,” என்றான். “கூடை மாட்டுற கம்பியையும் இப்படித்தான் வளைப்பார். ஒரு சுத்துன்னா நழுவிடும்னு.” பிறகு தங்கையிடம், “எதுக்காக?” என்று கேட்டான்.

ஒதில் சொன்னாள். அவர்கள் அம்மா ஒரு ஓட்டலில் சலவை அறையில் வேலை பார்த்தவள். அதனால்தான் கல்யாணமான புதிதில் அப்பா அந்தப் பொம்மையை வாங்கினார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு, அம்மா இடது கையால் ஸ்பூன்கூடப் பிடிக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தாள். அப்பா கடையைச் சாத்திவிட்டு ஒரு வாரம் பொம்மையோடு உட்கார்ந்தார். பிறகு அதைக் கட்டிலருகே வைத்துச் சாவி கொடுத்தார்.

“அம்மா பார்த்தா. ‘அடிப் பாவி, உனக்கும் வந்திருச்சா?’ன்னு கேட்டுச் சிரிச்சா. மறுநாள் சூப்பைத் தானே குடிச்சா. பாதி போர்வையில கொட்டிச்சு.”

அந்த வருஷங்களில் ஜெரால் ஊருக்கு வந்தது அபூர்வம். டார்ச்சை அணைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தான்.

விலையைச் சொல்லத்தான் வேண்டும். கைபடாமல் இருந்திருந்தால் நாற்பதாயிரம் பிராங்க் போயிருக்கும். இப்போது பன்னிரண்டாயிரம் வந்தாலே அதிகம் என்றாள் எலியான். பழையபடி மாற்றிக் கட்டலாம், ஆனால் அடைத்த துளைகள் காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சொல்லும்போது அவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் விலையில் ஒரு பிராங்க்கூட அவள் ஏற்றவில்லை.

ஜெரால் விற்க வேண்டாம் என்பான், தங்கை கட்டிக்கொண்டு அழுவாள் என்று எலியான் எதிர்பார்த்தாள். பாதிதான் பலித்தது.

“எனக்கு வேண்டாம்,” என்றாள் ஒதில். “அம்மா போற வரைக்கும் அஞ்சு வருஷம் அந்தக் கட்டில் பக்கத்துல நின்னு அதுக்குச் சாவி கொடுத்தவ நான். அந்தப் பாட்டு கேட்டாலே எனக்கு மருந்து வாடை வருது. கூரை ஒழுகுது. வித்துடலாம்.”

“அப்ப நான் வாங்கிக்கிறேன். நாற்பதாயிரத்துல உன் பாதியைத் தரேன்.”

“பைத்தியமா அண்ணே உனக்கு? மதாம் இப்பத்தானே சொன்னாங்க.”

“அவங்க தொழிலுக்கு அவங்க சொல்றாங்க. அப்பா கை வச்சதால குறைஞ்சுபோச்சுன்னு நான் உனக்குக் கம்மியாக் கொடுக்க முடியாது.”

தான் போட்ட விலைக்கு மேல் கொடுக்கத் துடித்த ஒருவனை எலியான் அன்றுதான் பார்த்தாள். மதிப்பீட்டுத் தாளில் இப்படிப்பட்டவற்றுக்கு ‘சேதம்’ என்று எழுதுவது வழக்கம். பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்து, ‘உரிமையாளரால் இடது கைக்கு மாற்றப்பட்டது’ என்று எழுதினாள். விலை அதே பன்னிரண்டாயிரம்தான்.

பேச்சில் ரயில் தவறிப்போயிற்று. அடுத்த ரயில் மத்தியானத்துக்கு மேல்தான். எலியான் லீக் வெங்காயத்தாளையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, மேலே ஒரு பெரிய சாசேஜை வைத்து இறக்கினாள். அண்ணனும் தங்கையும் முதலில் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார்கள். அப்புறம், அப்பா கடையின் முதல் போர்டு பச்சையா நீலமா என்று பேச்சு வந்தது. பச்சை என்றான் அவன். நீலம், நீ என்றைக்கு எதைச் சரியாகப் பார்த்தாய் என்றாள் அவள். அவன் சிரித்துக்கொண்டே அவள் தட்டிலிருந்து ஒரு சாசேஜ் துண்டை எடுத்துக்கொண்டான். எலியான் எழுந்து காபி போடப் போனாள்.