தண்ணீருக்குள் ஒரு தாவல்

பிள்ளை உண்டான ஏழாம் மாதத்தில் வலது முழங்கால் வீங்க ஆரம்பித்தது. பதினேழு வயதில், எங்கள் ஊர் கரங்கானில் பள்ளி வலைப்பந்துத் திடலில், பந்துக்குத் தாவித் தரையிறங்கியபோது திருகிக்கொண்ட கால் அது. ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடந்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டு மெர்கோங்குக்கு வந்தேன். ஓட மட்டும் முடியவில்லை. மாநில அணிக்கு ஆள் எடுத்தபோது நான் ஊன்றுகோலோடு இருந்தேன்.

வயிறு பெருக்கப் பெருக்க இடுப்பும் சேர்ந்துகொண்டது. படுத்தால் புரள முடியாது. படிக்கட்டில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குவேன். அம்மா போனில், "அப்பவே சொன்னேன், பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அந்தக் குதியாட்டம்னு" என்றாள். அன்று அவள்தான் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு, சட்டைகூட மாற்றாமல், என் ஆட்டங்களைப் பார்க்கத் திடலோரம் வந்து நிற்பவள்.

மருத்துவமனையில் பிசியோ பார்த்தவர் ஒரு தமிழ் அக்கா. முழங்காலில் இருந்த தழும்பைத் தடவிப் பார்த்தார்.

"என்ன வெளாண்ட?"

"வலைப்பந்துக்கா. செண்டர்."

"செண்டரா? அப்ப கோர்ட் பூரா நீதான் ஓடியிருப்ப, லா."

அதை யாரும் என்னிடம் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. வலியால் என்று நினைத்து அவர் கையை எடுத்துக்கொண்டார்.

ஜவ்வு மறுபடி கிழியவில்லை, பிள்ளை உண்டானால் மூட்டெல்லாம் தளர்ந்து கொடுக்கும், பழைய காயம் அதைத் தாங்காது என்று விளக்கினார். நாற்காலியில் உட்கார்ந்தபடி தொடைக்குச் செய்ய வேண்டிய பயிற்சிகளைக் காட்டினார். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்ளச் சொன்னார். கடைசியாக, "வாரத்துக்கு ஒருநாளாவது நீச்சல் குளத்துக்குப் போ" என்றார்.

"எனக்கு நீந்தத் தெரியாதுக்கா."

"நீந்த யாரு சொன்னா? நெஞ்சளவு தண்ணியில நட. தண்ணி ஒன்னத் தாங்கிக்கும்."

சனிக்கிழமை காலை கணவர் காடி ஓட்டிக் குளத்துக்கு அழைத்துப்போனார். அவருடைய பெரிய டீ-சட்டையையும் கால்சட்டையையும் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி இறங்கினேன். தண்ணீர் நெஞ்சுக்கு வந்ததும் வயிற்றின் பாரம் குறைந்தது. முழங்கால் சத்தமில்லாமல் மடங்கி நிமிர்ந்தது. நான் நடக்க நடக்க, கரையில் அவரும் செருப்போடு கூடவே நடந்து வந்தார்.

நடுவில் என்னையறியாமல் கைகளை உயர்த்தித் தாவினேன். பெரிய தாவல் இல்லை. தண்ணீர் என்னை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டது.

"ஏய், என்ன பண்ற! மெல்ல லா!"

"ஒண்ணும் ஆகல. வலிக்கவே இல்லங்க."

"வலிக்கலன்னா ஏன் அழுவுற?"

முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்ததே ஒரு காலைத் தாங்கி நடப்பவளாகத்தான். நான் ஆடி அவர் பார்த்ததில்லை. அதைச் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முழு உடுப்போடு தண்ணீருக்குள் இறங்கினார்.

"எப்படி ஆடுவ, காட்டு."

பந்தைப் பிடித்ததும் அடியெடுத்து வைக்கக் கூடாது, ஒரு காலை ஊன்றித் திரும்பி வீச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவரை என் முன்னால் கைநீட்டி மறிக்கச் சொன்னேன். இல்லாத பந்தை இடப்பக்கம் வீசுவதுபோல் காட்டி, மெல்லத் திரும்பி வலப்பக்கம் வீசினேன். அவர் ஏமாந்து இடப்பக்கம் சாய்ந்தார்.

"யம்மாடி, நீ கெட்டிக்காரி லா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில், திடலில் என்னோடு ஆடிய பெண்கள் எல்லோரையும் உடனே பார்க்க வேண்டும் போலிருந்தது.

பிரசவம் நெருங்கும்வரை வாராவாரம் போனோம். வீக்கம் பாதி வடிந்தது, மீதி தங்கிவிட்டது. மகள் நல்லபடியாகப் பிறந்தாள். இப்போதும் முக்காலியில் உட்கார்ந்துதான் அவளைக் குளிப்பாட்டுகிறேன். தரையில் குதிக்க வேண்டாம் என்று பிசியோ அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகளை வெயிலில் காட்ட வெளியே தூக்கிப்போகும் காலைகளில், எதிரே தெரு நீளமாக, யாருமில்லாமல் கிடக்கும். கால் ஓடப் பார்க்கும். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, கால் அடங்கும்வரை நின்றுவிட்டுப் பிறகு நடப்பேன்.